ஆற்றின் வரவும் வயலின் செலவும்

கொல்கத்தா நகரின் தென்பகுதியில் டாலிகஞ்ச் என்று ஓர் இடம் உண்டு. அவ்விடத்தினின்று கடியா நோக்கிச் செல்லும் மெட்ரோ இரயில் தரையை விட்டு மேலெழுந்து, உயரமான தூண்களின்மீது ஓடுகிறது. சன்னலோரம் அமர்ந்தவர் குனிந்து பார்த்தால், அத்தூண்கள் கறுத்த நீர் தேங்கிய ஒரு கால்வாயின் நடுவிலேயே ஊன்றி நிற்பதைக் காணலாம். டாலி நாலா என்பது அதன் பெயர். முதியோர் அதனை ஆதி கங்கை என்றே சொல்லுகின்றனர். ஒருகாலத்தில் கங்கையின் நீரோட்டம் காளிகட்டத்தைத் தொட்டு இவ்வழியாகவே கடலை நோக்கிச் சென்றது. பின்னர் ஆறு வேறு வழியை நாடிற்று, இப்பாதை தூர்ந்தது. 1775-ஆம் ஆண்டில் வில்லியம் டாலி என்னும் படைத்தலைவர் தூர்ந்த பாதையை வெட்டி ஆழப்படுத்தத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் படகுகள் சென்றன. அவர் பெயரே இன்று அவ்வட்டாரத்தின் பெயராக நிலைத்திருக்கிறது. ஆனால் அவர் வெட்டிய கால்வாய் நிலைக்கவில்லை. வெட்டிவைத்தவர்கள் பலர்; அதற்குரிய நீர் எங்கிருந்து எவ்வளவு வரும் என்று கணக்கு வைத்தவர்கள் சிலர்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் பழமொழி. போடுவதற்கே அளவு வேண்டுமானால், எடுப்பதற்கு அளவு வேண்டாமா? ஓர் ஆற்றில் இவ்வாண்டு எவ்வளவு நீர் வரும், அந்நீரை நம்பியிருக்கும் வயல்களுக்கு எவ்வளவு தேவைப்படும், இரண்டும் ஒத்துவராதபோது யாருக்கு எவ்வளவு குறையும் என்னும் மூன்று வினாக்களுக்கும் கணிப்பொறியைக் கொண்டு விடை தேடும் முறையைப் பற்றியே நாம் இன்று பேச எண்ணுகிறோம். இது பொறியியலாளர்களின் தனிச் சொத்து என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். நாம் உண்ணும் ஒவ்வொரு பிடி சோற்றிலும் இக்கணக்கு கலந்திருக்கிறது.

முதலில், மாதிரி என்பது யாது? ஆற்றைச் சிறிய அளவில் செய்து பார்ப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1916-இல் தோன்றி, புனேக்கு அருகில் கடக்வாஸ்லாவில் இயங்கிவரும் ஆய்வு நிலையமும், திருவள்ளூருக்கு அருகில் பூண்டியில் உள்ள நீரியல் ஆய்வு நிலையமும் மணலாலும் செங்கல்லாலும் சிமெண்டாலும் ஆறுகளையும் அணைகளையும் குறுக்கிக் கட்டி, அவற்றில் நீரை ஓடவிட்டுச் சோதித்து வந்திருக்கின்றன. மதகு எந்த இடத்தில் இருந்தால் கரை அரிக்கும், எந்த இடத்தில் இருந்தால் மணல் சேரும் என்பதை அத்தகைய மாதிரி காட்டிவிடும். ஆனால் முப்பது ஆண்டு மழையையும் வறட்சியையும் மணல் மாதிரியில் ஓடவிட இயலாது. அதற்கு எண்களால் ஆன மாதிரி வேண்டும். அம்மாதிரியில் ஆறு ஒரு கோடாகிறது. அணையும் ஊரும் வாய்க்கால் தலைப்பும் அக்கோட்டின்மீது புள்ளிகளாகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பேரேடு திறக்கப்படுகிறது.

அந்தப் பேரேட்டின் விதி நம் இல்லத்தரசியர் அறிந்ததே. நேற்றைய இருப்புடன் இன்றைய வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால் நாளைய இருப்பு. அணையில் நேற்றிருந்த நீர். அதனுடன் ஆற்றின் வழியாக இன்று வந்த நீர். அதிலிருந்து மதகின் வழியே விட்டது, வெயிலில் ஆவியாகிப் போனது, அடியிற் கசிந்தது ஆகியவற்றை நீக்கினால் மீதம். அணை நிறைந்தபின் வரும் நீர் வழிந்துவிடும். அதற்கும் ஒரு வரி உண்டு. ஒரு நாளைக்கு ஓர் அணைக்கு இக்கணக்கைப் போடச் சிறுவனாலும் முடியும். பத்து அணைகளுக்கு, நாற்பது ஆண்டுகளுக்கு, நாள்தோறும் போட வேண்டுமானால் ஓர் அலுவலகமே ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். கணிப்பொறி அதனை நாம் ஒரு குவளைத் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் போட்டுவிடுகிறது. அதற்கும் மேலாக, மதகைத் திறக்கும் விதியை மாற்றி மாற்றி, இப்படித் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நூறுமுறை கேட்டாலும் அது சலிப்பதில்லை.

கணிப்பொறி வருவதற்கு முன்னரே இந்த எண்ணம் பிறந்துவிட்டது. எகிப்தில் நைல் நதியின் நீரளவை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயர், சீட்டுக்கட்டைக் கலைத்துக் கலைத்து எடுத்து, அதில் வரும் எண்ணை ஓராண்டின் நீர்வரவாகக் கொண்டு, கற்பனை ஆண்டுகளை உருவாக்கிப் பார்த்தார். அவ்வாறு செய்தபோது ஒன்று புலப்பட்டது. சீட்டுக்கட்டில் நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் ஒழுங்கின்றிக் கலந்து வருகின்றன. மெய்யான நைலிலோ கெட்ட ஆண்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கூட்டமாக வருகின்றன. 1951-இல் அவர் இதனை வெளியிட்டார். ஒரு வறட்சி ஆண்டைத் தாங்கும் அணை, தொடர்ந்து ஐந்து வறட்சி ஆண்டுகளைத் தாங்காது என்பது இதன் பொருள். மேனாட்டு அறிஞர்கள் இதற்கு விவிலியத்து யோசேப்பின் பெயரை வைத்தார்கள். ஏழாண்டு வளத்தையும் ஏழாண்டுப் பஞ்சத்தையும் முன்னறிந்து சொன்னவர் அவர் அல்லவா? நமக்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாண்டிய நாட்டில் பன்னீராண்டு வற்கடம் சென்றது என்று இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. வறட்சி தனியே வருவதன்று என்பதைத் தமிழர் முன்பே கண்டிருக்கின்றனர்.

இந்தக் கணக்கு முயற்சியில் கொல்கத்தாவிற்கு ஒரு சிறப்பான இடம் உண்டு. 1922-இல் வட வங்காளத்திலும், 1926-இல் ஒரிசாவிலும் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, பேராசிரியர் மகலநோபிஸ் பல பத்தாண்டு மழைப் பதிவேடுகளையும் வெள்ளப் பதிவேடுகளையும் திரட்டி ஆராய்ந்தார். ஒரிசாவில் ஆற்றுப் படுகை உயர்ந்துவிட்டது, ஆகையால் கரைகளை உயர்த்த வேண்டும் என்பது அந்நாளைய பொறியியலாளர் கருத்து. படுகை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை, மேலே பெய்த மழையே காரணம், மேலே அணை கட்டுவதே வழி என்று அவர் எண்களைக்கொண்டு காட்டினார். 1957-இல் மகாநதியின்மீது ஹிராகுட் அணை எழுந்தது. அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்திற்குத்தான் 1955-இல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவின் முதல் எண்முறைக் கணிப்பொறி கப்பலேறி வந்தது. பின்னர், டாலிகஞ்சிலிருந்து சற்றுத் தொலைவிலேயே உள்ள ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் அக்கழகமும் சேர்ந்து, டிரான்ஸிஸ்டர்களைக்கொண்டு ஒரு கணிப்பொறியைத் தாமே வடிவமைத்தன. 1966-இல் அது இயங்கத் தொடங்கிற்று. அதே ஜாதவ்பூரில் இன்று நீர்வளப் பொறியியலுக்கெனத் தனிப்பள்ளி ஒன்று இருக்கிறது. வெள்ளத்தில் பிறந்த வினா, புள்ளியியலிற் புகுந்து, கணிப்பொறிக்குச் சென்று, மீண்டும் ஆற்றங்கரைக்கே திரும்பியிருக்கிறது எனலாம்.

வரவைப் பார்த்தோம், இனிச் செலவைப் பார்ப்போம். வயலுக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதை எவ்வாறு கணிப்பது? வெயில், காற்று, ஈரப்பதம், வெப்பம் ஆகிய நான்கையும் கொண்டு, நன்கு வளர்ந்த புல்தரை ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் நீரை வானுக்கு விடும் என்று முதலிற் கணிக்கின்றனர். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1998-இல் இதற்கான முறையை வகுத்து வெளியிட்டது. உலகெங்கும் இன்று அதுவே வழக்கில் இருக்கிறது. பிறகு பயிருக்கேற்ற ஓர் எண்ணால் அதனைப் பெருக்குகின்றனர். நாற்றுப் பருவத்தில் அவ்வெண் சிறிது; கதிர் வரும் பருவத்தில் பெரிது.

ஓர் எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம். புல்தரையின் அளவு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் என்றும், நெல்லின் பெருக்கெண் 1.2 என்றும் கொண்டால், நெல்லுக்கு 6 மில்லிமீட்டர். நெல் நிற்கும் சேற்று நிலத்தில் அடியிற் கசிவது 3 மில்லிமீட்டர் என்போம். ஆக 9. மழை பெய்தால் அதனைக் கழிக்கலாம். பெய்யவில்லை என்று கொள்வோம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் நீர் நிறுத்த 10 கன மீட்டர் வேண்டும். எனவே ஒரு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 90 கன மீட்டர். ஆனால் அணையிலிருந்து வயல்வரை வரும் வழியில் வாய்க்கால்கள் பாதியைக் குடித்துவிடுகின்றன என்றால், அணையில் 180 கன மீட்டர் திறந்தாக வேண்டும். ஓர் இலட்சம் ஹெக்டேர் கொண்ட ஆயக்கட்டிற்கு இது வினாடிக்கு ஏறத்தாழ 7,350 கன அடி ஆகிறது. பெருக்கெண் 1.2-க்குப் பதிலாக 1.1 என்று ஒருவர் எழுதிவிட்டால், வினாடிக்கு நானூறு கன அடிக்கு மேல் குறைந்துவிடும். ஒரு புள்ளியின் வலப்பக்கத்து இலக்கம் ஒரு கிளை வாய்க்காலையே வற்றச்செய்யக்கூடும்.

இவ்விடத்தில் நம்முடைய தொழிலைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பையே ஊழியமாகக் கொண்டிருப்பவர்களுக்கு நீர்த்துறை அறிக்கைகளில் அடிக்கடி இடறும் சொல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அவர்கள் ‘டிமாண்ட்’ என்கின்றனர். தமிழில் அதனைத் தேவை என்பதா, கோரிக்கை என்பதா, கேட்பு என்பதா? அகராதியைப் புரட்டினால் மூன்றும் சரி. வயலைப் பார்த்தால் மூன்றும் வெவ்வேறு. பயிர் வாடாதிருக்க வேண்டிய நீர் தேவை. மாநிலமோ மாவட்டமோ எழுதிக் கேட்கும் நீர் கோரிக்கை. கணிப்பொறியில் உள்ளிடப்படும் எண்ணோ இவ்விரண்டும் அன்று. இத்தனை ஹெக்டேரில், இன்ன பயிரை, இன்ன நாளில் நடுவோம் என்று யாரோ எங்கோ முடிவுசெய்ததன் விளைவு அது. அந்த முடிவை ‘தேவை’ என்று மொழிபெயர்த்துவிட்டால், அது இயற்கையின் கட்டளைபோல் தோன்றிவிடுகிறது. யாரும் மறுத்துக் கேட்பதில்லை. கோடைக்காலத்தில் நெல் பயிரிடுவது தேவையா, வழக்கமா, இலாபமா என்னும் வினா அச்சொல்லுக்குள் புதைந்துபோகிறது. இதனாலேயே மாதிரிகளை நாம் பொறியியலாளரிடம் மட்டும் விட்டுவிடுதல் ஆகாது என்கிறோம்.

இக்கணக்கு மெய்யாக எவ்வளவு கடினம் என்பதற்குத் தாமோதர் நதியே சான்று. வங்காளத்தின் துயர் என்று அதற்குப் பெயர். 1943 ஜூலையில் அது கரையை உடைத்துக்கொண்டபோது, போர்க்காலத்தில் கொல்கத்தாவிற்கு வரும் இரயில் பாதையே துண்டிக்கப்பட்டது. அப்போது அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவில் இயற்பியல் மேதை மேகநாத் சாகா ஓர் உறுப்பினர். அமெரிக்காவின் டென்னஸி ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்ததுபோல, ஆறு முழுவதையும் ஒரே நிறுவனம் ஆள வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் பிறந்தது. 1953-இல் திலையா, 1955-இல் கோனார், 1957-இல் மைத்தோன், 1959-இல் பஞ்சேத் என்று நான்கு அணைகள் எழுந்தன. கீழே துர்காபூரில் 1955-இல் தடுப்பணை கட்டப்பட்டு, இரு கரைகளிலும் பாசனக் கால்வாய்கள் பிரிந்தன.

வினாடிக்குப் பத்து இலட்சம் கன அடி வெள்ளம் வந்தாலும் கீழே இரண்டரை இலட்சம் கன அடிக்கு மேற்படாமல் அடக்குவது திட்டத்தின் கனவு. அதற்கென எண்ணப்பட்ட அணைகள் யாவும் கட்டப்படவில்லை. கட்டப்பட்ட அணைகளிலும் வெள்ளத்திற்கெனக் கருதிய நிலம் முழுவதும் கையகப்படுத்தப்படவில்லை. வண்டல் வேறு ஆண்டுதோறும் படிந்துவருகிறது. ஆகவே ஏட்டில் உள்ள இடம் ஒன்று. அணையில் உள்ள இடம் வேறொன்று.

இருக்கும் இடத்திற்குள்ளேயும் ஒரு பெரும் போட்டி நிகழ்கிறது. வெள்ளத்தைத் தடுக்க வேண்டுமானால் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அணையை வெறுமையாக வைத்திருக்க வேண்டும். பாசனத்திற்கும் மின்சாரத்திற்கும் ஆலைகளுக்கும் நீர் வேண்டுமானால், மழைக்காலம் முடியும்போது அணை நிறைந்திருக்க வேண்டும். ஒரே பானையை வெறுமையாகவும் நிறைவாகவும் வைத்திருக்க எவரால் இயலும்? மழைக்காலம் முடியும் தறுவாயில் நிரப்பினோம் என்றால், அந்நேரம் பார்த்து வங்கக் கடலில் ஒரு தாழ்வழுத்தம் எழும். 1978 செப்டம்பர் இறுதியில் அதுவே நிகழ்ந்தது. தென் வங்காளமும் கொல்கத்தா நகரமும் நீரில் மிதந்தன. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரிலும் வங்காளத்தில் பெருவெள்ளம். 2024 செப்டம்பரில் தென் வங்க மாவட்டங்களில் நீர் புகுந்தபோதும், அணையிலிருந்து விட்ட நீர் மிகுதியா, பெய்த மழை மிகுதியா என்னும் வாதம் மாநிலத்திற்கும் மையத்திற்கும் இடையே எழுந்தது.

இத்தகைய வாதத்தில் கணிப்பொறி மாதிரி என்ன செய்ய முடியும்? இன்ன நாளில் இன்ன அளவு விட்டிருந்தால் கீழே நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று சொல்ல முடியும். அணையைப் பத்து நாள் தாமதித்து நிரப்பினால், முப்பது ஆண்டுகளில் எத்தனை வெள்ளம் தவிர்ந்திருக்கும், எத்தனை கோடைப்பயிர் காய்ந்திருக்கும் என்று இருபுறமும் எண்ணிக் காட்ட முடியும். வெள்ளத்தில் மூழ்கும் வீட்டுக்காரரும் நீரின்றிக் காயும் வயலுக்காரரும் ஒருவரல்லர். யாருடைய இழப்பை யார் ஏற்பது என்பதை மட்டும் அதனால் முடிவுசெய்ய முடியாது. அம்முடிவு மனிதருடையது.

காவிரிக்கு வருவோம். இங்கு வேறு வகையான எண் ஒன்று நம்மை ஆள்கிறது. 1990-இல் அமைந்த காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் இறுதித் தீர்ப்பளித்தது. காவிரிப் படுகையின் நீர் மொத்தம் 740 டி.எம்.சி. என்றும், அதில் தமிழ்நாட்டிற்கு 419, கர்நாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 என்றும் வகுத்தது. சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க இயலாது கடலிற் சேர்வதற்கு 4. கூட்டினால் கணக்கு சரியாக வருகிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்துக் கர்நாடகத்திற்கு அளித்தது. பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு வந்துசேர வேண்டிய அளவு 192-லிருந்து 177.25 ஆயிற்று.

இவ்வெண்களைச் செய்தித்தாளில் படிப்பவர் பலர்; 740 என்னும் எண்ணின் இயல்பை அறிந்தவர் சிலர். அது ஐம்பது விழுக்காடு நம்பகத்தன்மை கொண்டது. அஃதாவது, இரண்டு ஆண்டுகளில் ஓராண்டு அவ்வளவோ அதற்கு மேலோ வரும். மற்றோராண்டு அதற்குக் குறைவாகவே வரும். பங்கு பிரித்தது நாணயத்தின் ஒரு பக்கத்தை வைத்து. மறுபக்கம் விழும் ஆண்டில் என்ன செய்வது என்பதே சண்டை முழுவதும். குறைந்த ஆண்டில் குறைவையும் அவ்விகிதத்திலேயே பகிர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லுகிறது. ஆனால் ஆகஸ்டு மாதத்தில் நிற்கும்போது இவ்வாண்டு குறைந்த ஆண்டா, தாமதித்து நிறையும் ஆண்டா என்பதை எவர் சொல்வது? அதற்காகத்தான் மழை முன்னறிவிப்பும் அணை இருப்பும் பயிர்நிலையும் சேர்ந்த மாதிரி வேண்டியிருக்கிறது. 1934-இல் திறந்த மேட்டூர் அணை, 120 அடிவரை நிறைந்தால் 93.47 டி.எம்.சி. கொள்ளும். ஜூன் 12-ஆம் நாள் மதகு திறப்பது மரபு. எத்தனையோ ஆண்டுகளில் அம்மரபு தவறியிருக்கிறது. அந்நாளில் நீர் வருமா என்பதை ஏப்ரலிலேயே ஓரளவு சொல்லக்கூடுமானால், குறுவை நடுவதா, உளுந்து விதைப்பதா என்று உழவர் முடிவுசெய்து கொள்வார்.

பற்றாக்குறையைப் பகிர்வதில் உள்ள அறத்தை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். ஒரே வாய்க்காலில் தலைமடையில் ஓர் ஊர், கடைமடையில் ஓர் ஊர். இரண்டிற்கும் நெல்லுக்கு நூறு நூறு பங்கு நீர் வேண்டும். வந்ததோ நூற்றிருபது. வழக்கம்போல் விட்டால் தலைமடை நூறும் எடுத்துக்கொள்ளும், கடைமடைக்கு இருபது. சமமாகப் பிரித்தால் அறுபது அறுபது. நெல்லுக்கு அறுபது பங்கு நீரே கிடைத்தால் விளைச்சல் நாற்பது பங்குதான் என்று கொள்வோம். இரண்டு ஊர்களுக்கும் சேர்த்து எண்பது. தலைமடைக்கே முழுநீரும் தந்தால் அங்கு மட்டும் நூறு. ‘மொத்த விளைச்சல் மிகுதியாக இருக்க வேண்டும்’ என்று கணிப்பொறிக்கு இலக்கு வைத்தால், அது தயங்காமல் தலைமடைக்கே நீரைக் கொடுக்கும். முன்பு வலியவர் செய்ததை, இப்போது அறிவியலின் முத்திரையோடு இயந்திரம் செய்கிறது! இயந்திரத்தின்மீது பிழையில்லை, இலக்கை வைத்தவர் மொத்தத்தைக் கேட்டார், பங்கீட்டைக் கேட்கவில்லை.

அதே கணக்கில் வேறொரு வழியும் இருக்கிறது. உளுந்துக்கு நெல்லின் நீரில் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஊரும் பாதி நிலத்தில் நெல்லும் பாதி நிலத்தில் உளுந்தும் இட்டால், நெல்லுக்கு ஐம்பது, உளுந்துக்குப் பத்து, ஆக ஓர் ஊருக்கு அறுபது. நூற்றிருபதில் இரண்டு ஊரும் முழு விளைச்சல் காணும். யாரும் காயவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. நூற்றிருபதுதான் வரும் என்பது நாற்று விடுவதற்கு முன்னரே இரண்டு ஊருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நட்டபின் தெரிந்தால் பயனில்லை. காலத்தே தெரிந்த பற்றாக்குறையை ஓர் ஊர் தாங்கிக்கொள்ளும். காலம் கடந்து தெரிந்தது கடனாகவும் கண்ணீராகவும் முடிகிறது. மாதிரியின் மெய்யான பயன் இதுவே என்று நாம் கருதுகிறோம்.

மாதிரிகள் மறந்துவிடும் ஒரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். வாய்க்காலில் கசிந்த நீரை இழப்பு என்று எழுதுகிறோம். அந்நீர் எங்கே போயிற்று? அருகிலுள்ள கிணற்றில் ஊறி நிற்கிறது. வாய்க்காலுக்குச் சிமெண்டுப் பூச்சு இட்டுக் கசிவை நிறுத்தினால், ஏட்டில் மிச்சம் தெரியும்; கிணறு வற்றும். ஒருவர் செலவு மற்றொருவர் வரவு. 1975-இல் ரோஜர் ரெவல், லட்சுமி நாராயணா என்னும் இருவர் கங்கையைப் பற்றி ஒரு கருத்தை வெளியிட்டனர். கோடையில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்துப் பாசனம் செய்தால் மண்ணுக்குள் இடம் உண்டாகும். மழைக்கால வெள்ளம் அவ்விடத்திற் புகுந்து நிறையும். ஆறும் நிலமும் சேர்ந்து ஒரே எந்திரம்போல் இயங்கும் என்பது அவர்கள் கருத்து. நிலத்தடியையும் சேர்த்து எண்ணினால்தான் ஆற்றின் கணக்கு முழுமையுறும் என்பதை அது உணர்த்திற்று. காவிரித் தீர்ப்பில்கூட, உச்ச நீதிமன்றம் டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கிற் கொண்டது.

மற்றொன்று, கடந்தகாலம் எதிர்காலத்திற்கு எவ்வளவு வழிகாட்டும் என்பது. 1996 டிசம்பரில் இந்தியாவும் வங்காளதேசமும் பராக்கா நீரைப் பகிர்ந்துகொள்ள முப்பதாண்டு உடன்படிக்கை செய்தன. ஜனவரி முதல் மே வரை, பத்துப் பத்து நாட்களாகப் பிரித்து, நீர் வினாடிக்கு 70,000 கன அடியோ அதற்குக் குறைவோ ஆயின் சரிபாதி என்று வகுத்தனர். எதிர்பார்க்கும் நீரளவிற்கு அடிப்படை 1949 முதல் 1988 வரையிலான நாற்பதாண்டுச் சராசரி. அந்த நாற்பதாண்டுகளில் இருந்த மழையும் பனிப்பாறையும் மேற்புறத்துப் பாசனமும் இன்று அவ்வாறே இல்லை. பழைய ஏட்டை மட்டும் நம்பும் மாதிரி, கண்ணைப் பின்னோக்கி வைத்துக்கொண்டு முன்னோக்கி நடப்பதை ஒக்கும். எனவேதான் இன்றைய ஆய்வாளர்கள் ஒரே எதிர்காலத்தைக் கணிப்பதில்லை. வெப்பம் இவ்வளவு உயர்ந்தால், மழை இவ்வளவு குறைந்தால், என்று பல எதிர்காலங்களை ஓட்டிப் பார்த்து, எல்லாவற்றிலும் ஓரளவேனும் நிற்கக்கூடிய விதியைத் தேடுகின்றனர்.

நம் ஊர்களில் நீர்பாய்ச்சி என்றொருவர் இருந்தார். சில ஊர்களில் இன்றும் இருக்கிறார். ஏரியின் மதகைத் திறப்பதும், முறை வைத்து வயலுக்கு வயல் நீரைத் திருப்புவதும் அவர் பணி. பெரும்பாலும் அவருக்குச் சொந்த நிலம் இராது. ஆகையால் ஒருதலைச் சார்பும் இராது. அவருடைய கணக்கு ஏட்டில் இல்லை. ஆயினும் ஊரார் அனைவரும் மதகருகே நின்று அதனைக் கண்ணாரக் கண்டனர். தவறினால் அங்கேயே கேட்டனர். கணிப்பொறி மாதிரி நம் காலத்தின் பெரிய நீர்பாய்ச்சி. அதற்கும் நிலமில்லை, சார்பில்லை. ஆனால் அதன் கணக்கு ஊராரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்தப் பயிர், எத்தனை ஹெக்டேர், எந்த இலக்கு, யாருக்கு முதலிடம் என்னும் நான்கும் கடைமடை உழவரின் மொழியில், அவர் படிக்கும்படி எழுதப்பட்டு, ஊர்ச் சாவடியில் ஒட்டப்படுமானால், அவர் அதனைக் கேள்வி கேட்பார், திருத்தவும் செய்வார். தன் வாய்க்கால் பாதியைக் குடிக்கிறதா, முக்காலைக் குடிக்கிறதா என்பது அவருக்குத் தெரிந்த அளவு தலைநகரில் யாருக்கும் தெரியாது. அவ்வேட்டை அவர் மொழியில் எழுதித் தருவது எம்போன்றோர் கடமை.

டாலிகஞ்சுக் கால்வாயில் கங்கை இனித் தன் பழைய பெருக்கோடு திரும்பி வரப்போவதில்லை. ஹூக்ளியில் அலை ஏறும் வேளையில் அதன் நீர் சிறிது உயர்கிறது, பின்னர் தாழ்கிறது. தூண்களின்மேல் இரயில் விரைகிறது. நீர் தன் வழியே போய்விட்ட ஓர் ஆற்றை அதன் கரையில் வாழ்வோர் நாள்தோறும் கடந்து செல்கின்றனர். காவிரியின் கடைமடையிலும் தாமோதரின் கடைமடையிலும் இருப்போருக்கு அந்நிலை வராதிருக்க வேண்டுமானால், ஆற்றின் வரவையும் வயலின் செலவையும் ஒரே ஏட்டில் எழுதி, அனைவரும் காண விரித்து வைக்க வேண்டும்.